நானோ வெள்ளித் தண்ணீர் குடிக்கும் கோழிகள்: ஒரு பண்ணையாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ராசிபுரம் பக்கத்தில் 8,000 முட்டைக்கோழிகள் வைத்திருக்கிறேன். இந்த பேட்சுக்கு இப்போது 46 வாரம். ஆன்டிபயாட்டிக் இல்லாமல் கழிச்சலைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு விற்பனையாளர் 'நானோ வெள்ளி' திரவம் கொடுத்தார். லேபிளில் 1000 பிபிஎம் என்று இருக்கிறது. 1000 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் வீதம் இரண்டு மாதமாகத் தினமும் டேங்கில் கலக்கிறோம். ஓடு கெட்டிப்பட 'நானோ துத்தநாகம்' என்ற பொடியையும் டன் தீவனத்துக்கு ஒரு கிலோ போடுகிறோம். அதில் எத்தனை சதவீதம் துத்தநாகம் என்று போடவில்லை. 91 சதவீதம் (நூறு கோழிக்கு நாளுக்கு 91) இருந்த முட்டை இப்போது 83க்கு வந்துவிட்டது. செத்த கோழிகளை அறுத்தால் கல்லீரல் வெளிறி, மஞ்சளடித்து, பெரிதாக இருக்கிறது. நானோ உலோகம் கொடுத்த எலிகளுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போனதாகக் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். என் கோழிகளுக்கும் அதுதானா? முட்டையை விற்கலாமா? மனிதருக்கும் நல்லது என்று அவர் சொன்னதால் தைராய்டு மாத்திரை சாப்பிடும் என் அம்மாவும் தினமும் ஒரு ஸ்பூன் குடிக்கிறார். அது சரியா?

பதில்:

வணக்கம் ஐயா. கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அம்மா அந்தத் திரவத்தைக் குடிப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். 1000 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் 1000 மில்லிகிராம். 5 மில்லி ஸ்பூனில் 5 மில்லிகிராம் வெள்ளி போகிறது. குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தாலும் 0.2 மில்லிகிராம்தான் வரும். அம்மா அதைப்போல 25 மடங்கு எடுத்துக்கொள்கிறார். நீண்ட நாள் வெள்ளி உள்ளே போனால் தோலும் நகமும் நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறும். அப்படி மாறிய நிறம் பெரும்பாலும் திரும்புவதில்லை. தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதையும் வெள்ளி குறைக்கக்கூடும். அவருடைய மருத்துவரிடம் இந்த விவரத்தை மறைக்காமல் சொல்லி, தைராய்டு அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெள்ளிக் கரைசல் கலந்த மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1999லேயே அறிவித்துவிட்டது.

அடுத்து கோழிகள். திரவம், பொடி இரண்டையும் நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

உங்கள் மகள் படித்தது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவையும் உங்கள் பண்ணையில் கொடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், அதுதான் இது என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு முன் துகள் சிறிதாகும்போது என்ன மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகளை நானோ துகள் என்கிறோம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள உலோகக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், ஏறத்தாழ 15 சென்ட் நிலம். எடை கூடவில்லை, ஆனால் வேதிவினை நடக்கிற இடம் பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. கல் உப்பை விடத் தூள் உப்பு சீக்கிரம் கரைவதைப்போல, இரைப்பை அமிலத்தில் இந்தத் துகள் வேகமாகக் கரைந்து உலோக அயனியை விடுகிறது. கரையாமல் தப்பும் துகளில் ஒரு சிறு பங்கு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகிறது. பெரும்பங்கு எச்சத்தோடு வெளியேறிவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் செம்பு. 2006இல் சீன ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு வாய்வழியாகச் செம்புத் துகள் கொடுத்துப் பார்த்தார்கள். 17 மைக்ரோமீட்டர் அளவுள்ள சாதாரணச் செம்புத்தூளை உடல் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராம் கொடுத்தும் எலிகள் தாங்கின. 23.5 நானோமீட்டர் துகளாகக் கொடுத்தபோது 413 மில்லிகிராமிலேயே பாதி எலிகள் சாகும் என்ற கணக்கு வந்தது. சிறுநீரகம், கல்லீரல், மண்ணீரல் மூன்றும் அடிபட்டன. மண்ணீரல் சுருங்கியது, சிறுநீரகத்தின் நிறமே மாறியது. நானோ செம்பு இரைப்பை அமிலத்தோடு வினைபுரிந்து அமிலத்தைத் தின்று தீர்ப்பதால் ரத்தம் காரத்தன்மை அடைகிறது என்பதையும், கரைந்து வந்த செம்பு அயனி சிறுநீரகத்தில் சேர்கிறது என்பதையும் அடுத்த ஆண்டே காட்டினார்கள். அதே உலோகம்தான், துகளின் பருமன் மட்டுமே மாறியது.

அதற்காக நானோ என்றாலே எப்போதும் கொடியது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். துத்தநாகத் தூளை வைத்துச் செய்த சோதனையில் கல்லீரலை அதிகம் கெடுத்தது பெரிய துகள்தான். நானோ துகள் சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தசோகையைக் கொண்டுவந்தது. இரண்டு எலிகள் செத்ததற்குக் காரணம் வேறு: துகள்கள் குடலில் ஒன்றோடொன்று கட்டியாகி வழியை அடைத்துவிட்டன. எந்த உறுப்பு கெடும் என்பது உலோகம், துகளின் அளவு, அதன் மேல்பூச்சு, எத்தனை நாள் கொடுத்தோம், எந்தப் பிராணி என்று எல்லாவற்றையும் பொறுத்தது. இறக்கிற கோழியைப் பார்க்காமல் எலிக் கட்டுரையை வைத்து நோய் சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

கல்லீரல் மட்டும் ஏன் எப்போதும் முதலில் வருகிறது என்றால், குடலிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் விழுங்கு செல்கள் அந்நியத் துகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மண்ணீரலிலும் இதே வேலை நடக்கிறது. செம்பு, துத்தநாகம், வெள்ளி ஆகியவற்றைக் கட்டிப்போட ஒரு புரதமும் உண்டு. கல்லீரலும் சிறுநீரகமும் அதை நிறையச் செய்கின்றன. அந்தப் புரதம் தீரும்போது கட்டுப்படாத உலோகம் செல்லின் உள்ளே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி மற்றப் புரதங்களையும் கொழுப்புச் சவ்வையும் சிதைக்கிறது.

இனி வெள்ளி. கொரியாவில் 56 நானோமீட்டர் வெள்ளித் துகளை எலிகளுக்கு 90 நாள் வாய்வழியாகக் கொடுத்தார்கள். நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 125 மில்லிகிராமிலிருந்து கல்லீரல் பாதிப்பு தெரிந்தது, 30இல் தெரியவில்லை. பெண் எலிகளின் சிறுநீரகத்தில் ஆண் எலிகளைவிட இரண்டு மடங்கு வெள்ளி சேர்ந்திருந்தது. நெதர்லாந்தில் நடந்த வேறொரு ஆய்வில் கொடுப்பதை நிறுத்தி எட்டு வாரம் பொறுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான உறுப்புகளிலிருந்து வெள்ளி நீங்கியிருந்தது. மூளையிலும் விரையிலும் மட்டும் தங்கிவிட்டது. வெறும் வெள்ளி உப்பைக் கொடுத்த எலிகளின் உடலிலும் வெள்ளி நானோ துகள்கள் தாமாக உருவாகியிருந்தன என்பதும் அதில் தெரிந்தது. எனவே 'எங்கள் துகள் கரையாது', 'எங்கள் துகள் முழுக்கக் கரைந்துவிடும்' என்று விற்பனையாளர் எதைச் சொன்னாலும் அதை வைத்து நாம் நிம்மதி அடைய முடியாது.

இப்போது உங்கள் கணக்கு. 1000 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் டேங்கில் வெள்ளி 1 பிபிஎம். ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டர் குடிக்கிறது என்று வைத்தால் 0.25 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ கோழிக்கு, கிலோவுக்கு 0.17 மில்லிகிராம் அளவு. எலியில் பாதிப்புத் தெரியாத அந்த 30 மில்லிகிராமைவிட இது ஏறத்தாழ 180 மடங்கு குறைவு. கோழி எலி அல்ல. லேபிளில் போட்டிருப்பது உண்மையா என்றும் நமக்குத் தெரியாது. ஆனாலும் லேபிள் சரியாக இருந்து நீங்களும் சரியாகக் கலந்திருந்தால், இந்த வெள்ளி இரண்டு மாதத்தில் கல்லீரலை மஞ்சளாக்கி முட்டையை எட்டுப் புள்ளி இறக்கியது என்று நான் நம்பவில்லை. வெள்ளி கோழியினப் பறவைகளை எப்படித் தாக்கும் என்பதும் ஓரளவு தெரியும். 1970களில் தீவனத்தில் 900 பிபிஎம் (கிலோவுக்கு 900 மில்லிகிராம்) வெள்ளியை உப்பாகக் கலந்து கொடுத்தபோது வான்கோழிக் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றியது, ரத்தம் குறைந்தது, இதயம் பெருத்தது. செம்பு கூடுதலாகச் சேர்த்ததும் அது சரியானது. வெள்ளி செம்பின் இடத்தில் போட்டிக்கு நின்றதுதான் காரணம். நீங்கள் சொன்ன அடையாளங்கள் அந்த வகை அல்ல.

எனக்கு அதைவிடப் பொடிமேல்தான் சந்தேகம். துத்தநாக ஆக்சைடில் 80 சதவீதம் துத்தநாகம். அந்தப் பொடி கலப்படமில்லாத ஆக்சைடாக இருந்தால், டன்னுக்கு ஒரு கிலோ போட்டதில் 800 பிபிஎம் துத்தநாகம் சேர்ந்துவிட்டது. உங்கள் மினரல் மிக்சரில் ஏற்கனவே இருப்பது வேறு. முட்டைக்கோழிக்குத் தேவை சில பத்து பிபிஎம்தான். ஐரோப்பிய ஒன்றியம் கோழித்தீவனத்தில் மொத்தத் துத்தநாகத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 120. வயதான கோழிகளை வேண்டுமென்றே இறகு உதிரச் செய்து முட்டையை நிறுத்த, ஒரு காலத்தில் தீவனத்தில் 10,000 பிபிஎம் துத்தநாகம் போடும் முறையே இருந்தது. போட்டால் கோழி தீவனம் எடுப்பதைக் குறைக்கும், சில நாளில் முட்டை நிற்கும். உங்கள் அளவு அந்த உயரத்தில் இல்லை. ஆனால் துத்தநாகம் மிகுந்தால் செம்பும் இரும்பும் உடலில் ஏறுவது குறையும், கணையமும் அரைவைப்பையின் உள்தோலும் கெடும். முட்டை குறையத் தொடங்கிய வாரத்தில் தீவனம் எடுப்பும் குறைந்ததா என்று ரிஜிஸ்டரில் பாருங்கள். கொண்டை வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொடி வெறும் இரண்டு சதவீதமாக, மீதி சுண்ணாம்புத் தூளாக இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் கோழிக்குக் கெடுதல் குறைவு, உங்களுக்குப் பண நஷ்டம் மட்டும். அதனால்தான் சதவீதம் போடாத பையை வாங்கக் கூடாது என்கிறேன். நானோ தாதுக்கள் மீது விஞ்ஞானிகளுக்கு வந்த ஆர்வமே, வழக்கத்தைவிடக் குறைந்த அளவு போதும், எச்சத்தில் உலோகம் குறையும் என்பதால்தான். நானோ என்று பெயர் வைத்துவிட்டு டன்னுக்கு ஒரு கிலோ போடச் சொல்கிறவர், அந்தத் துறையின் அடிப்படையையே உங்களிடம் மாற்றிச் சொல்கிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வெளிறி மஞ்சளடித்துப் பெருத்த கல்லீரலுக்கு நம் ஊரில் முதலில் தேட வேண்டிய காரணங்கள் வேறு. ஒன்று, மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின். இன்னொன்று, கொழுப்புக் கல்லீரல் நோய். இது கூண்டில் வளரும், நன்றாக முட்டையிடும் கோழிக்கு வெயில் காலத்தில் அதிகம். கல்லீரல் கையில் எடுத்தால் உடைகிறதா, வயிற்றுக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா, அடிவயிற்றில் கொழுப்பு திரண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொழுப்புக் கல்லீரல் பக்கம் சாயலாம். சோளம் புது லோடா, ஈரம் இருந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் தண்ணீரில் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி போட்டீர்களா? போட்ட அன்றும் டேங்கில் வெள்ளி இருந்ததா? வெள்ளி கிருமிநாசினி. பாக்டீரியாவைக் கொல்லும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உயிருள்ள தடுப்பூசி கலக்கும் தண்ணீரில் எந்தக் கிருமிநாசினி இருந்தாலும் தடுப்பூசி பலன் இல்லாமல் போகலாம். அப்படி ஆகியிருந்தால் வெள்ளைக்கழிச்சலுக்கான எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும், அதுவும் முட்டையைக் குறைக்கும். சில கோழிகளின் ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டிய வேலை இதுதான். புதிதாக இறந்த கோழிகள் மூன்று நான்கையும், நோய்வாய்ப்பட்டு உயிரோடு இருப்பவை இரண்டையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல், கணையம், அரைவைப்பை ஐந்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கணையத்தைக் கேட்காவிட்டால் சில நேரம் விட்டுப்போகும். அங்கே போக முடியாமல் உங்கள் மருத்துவரே அறுத்தால், ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத துண்டை 10 சதவீத ஃபார்மலினில் போடட்டும். உலோகச் சோதனைக்கான துண்டுகளை ஃபார்மலினில் போடாமல், சுத்தமான பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி ஐஸில் வைக்க வேண்டும். தீவனத்தில் ஒரு கிலோவை வெவ்வேறு மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்து, கல்லூரி வளாகத்தில் இருக்கும் கால்நடைத் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கொடுத்து அஃப்ளாடாக்சினும் துத்தநாகமும் பார்க்கச் சொல்லுங்கள். பொடியையும் அதோடு கொடுங்கள். உலோகச் சோதனை, உறுப்பில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது துகளாக இருக்கிறதா, கரைந்த நிலையில் இருக்கிறதா என்று வழக்கமான சோதனை சொல்லாது. உங்கள் கேள்விக்கு மொத்த அளவே போதும்.

முட்டை விஷயம். கோழியின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதம் கல்லீரலில் தயாராகி ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போகிறது. அது உலோகங்களையும் சுமந்துகொண்டுதான் போகும். முட்டைக்கோழிகளுக்கு நானோ வெள்ளி கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வில் கல்லீரலிலும் மஞ்சள் கருவிலும் வெள்ளி கிடைத்தது, வெள்ளைக் கருவில் இல்லை. ஆகவே 'முட்டையில் வெள்ளி தங்காது' என்று விற்பனையாளர் சொல்லியிருந்தால் அது தவறு. ஆனால் அந்த ஆய்வில் கோழிக்குக் கொடுத்தது கிலோவுக்கு 1 மில்லிகிராம். உங்கள் கோழிக்குப் போனது அதில் ஆறில் ஒரு பங்கு. முட்டையை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மஞ்சள் கரு வேகமாக வளர்ந்து முடிய ஏறத்தாழ பத்து நாள் ஆகும். நிறுத்திய பிறகும் கல்லீரலில் இருப்பது கொஞ்ச காலம் முட்டைக்கு வரும். அதுவரை ஆன்டிபயாட்டிக் இல்லாத முட்டை, குழந்தைகளுக்கான முட்டை என்று தனிப்பெயர் போட்டு விற்காதீர்கள். கழித்துக் கட்டும் கோழிகளின் ஈரலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டிலும் சமைக்க வேண்டாம். இந்தக் கோழியில் வெள்ளி மிகுதியாக இருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.

ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க நினைத்தீர்களே, அந்த நோக்கத்தை விட்டுவிடாதீர்கள். 2019இல் பண்ணை விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தடை செய்த பிறகு மாற்றுத் தேடுவது சரிதான். ஆனால் வெள்ளியைத் தினமும் கொடுப்பது அந்த மாற்று ஆகாது. வெள்ளியை எதிர்த்து வாழும் சால்மோனெல்லா 1970களிலேயே அமெரிக்க மருத்துவமனையில் தீக்காய நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எதிர்ப்பு மரபணுக்கள் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்போடு ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் டிஎன்ஏ வளையத்தில், இருந்தன. குறைந்த அளவு வெள்ளியைத் தொடர்ந்து குடலுக்குள் விடுவது அப்படிப்பட்ட கிருமிகளுக்கே இடம் கொடுக்கும்.

உங்கள் கழிச்சலுக்கு முதலில் தண்ணீரையே பாருங்கள். குழாய்களின் உள்ளே படியும் வழவழப்பைக் கழுவி எடுத்துவிட்டு, கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனைகளில் கடைசி நிப்பிளில் குளோரின் 3 பிபிஎம் அளவு வரும்படி வைத்தால் பெரும்பாலான பண்ணைகளுக்குப் போதும். டேங்கில் சரியாக இருந்து கடைசி நிப்பிளில் பூஜ்யம் இருப்பதுதான் வழக்கமான குறை, அதனால் அங்கேயே அளவுத்தாள் வைத்துப் பாருங்கள். தண்ணீரின் அமில கார நிலை 7க்கு மேல் இருந்தால் குளோரின் வேலை குறையும். தண்ணீரில் தடுப்பூசி போடுவதற்கு முந்தைய நாளும் போட்ட நாளும் குளோரின் இல்லாமல் இருக்கட்டும்.

மறுபடி யாராவது நானோ என்று எதையாவது கொண்டுவந்தால் துகளின் அளவு என்ன, மேல்பூச்சு எது, உலோகம் எத்தனை சதவீதம், முட்டைக்கோழியில் எத்தனை வாரம் கொடுத்து எந்தெந்த உறுப்புகளைப் பார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நானோ வேளாண் இடுபொருட்களையும் உணவுப் பொருட்களையும் எப்படி மதிப்பிட வேண்டும் என்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. இந்த விவரங்களைக் கேட்பது ஒன்றும் அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நானோ யூரியா அரசு அனுமதியோடு வந்திருக்கிறதே என்று அவர்கள் சொல்லக்கூடும். அது இலையில் தெளிக்கிற உரம். கோழியின் வயிற்றுக்குள் தினமும் போகிற உலோகத்துக்கு அந்த அனுமதி பொருந்தாது.

மீதியிருக்கும் பாட்டில்களை வாய்க்காலிலோ எருக்குழியிலோ கொட்ட வேண்டாம். நீரில் வாழும் உயிர்களுக்கு வெள்ளி மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. மூடி போட்டு, லேபிள் கிழியாமல், வாங்கிய ரசீதோடு எடுத்து வையுங்கள். ஆய்வக முடிவு வந்ததும் உங்கள் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.